புளியமரத்தடி கூழ்க்கடை கைமாறுகிறது, ஆயாவுக்கு ஞாயிறுதான் கடைசி நாள்

தொப்பூர்க்கணவாய் (வியாழன், இரவு 9:12)

காலையில் இருந்து நாலைந்து பேர் போன் போட்டுக் கேட்டுவிட்டார்கள், அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன். ஆமாம், தர்மபுரி பென்னாகரம் ரோட்டுப் புளியமரத்தடி கூழ்க்கடையை ஆயா கொடுத்துவிட்டார். முட்டி வலி. போன மழைக்காலத்தில் இருந்தே ஸ்டூலில் உட்கார்ந்துதான் கூழ் கரைக்கிறார். மகன்கள் இரண்டு பேரும் ஓசூர் சிப்காட்டில் வேலை. கடைக்கு வர யாருக்கும் மனசில்லை, அதில் தப்பும் இல்லை. வாங்குவது பாலக்கோட்டுப் பக்கத்து இளைஞர் ஒருவர். திங்கட்கிழமை முதல் அவர் பொறுப்பு.

வெளியூரில் இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். நான்கு தகரம், இரண்டு பெஞ்சு, மண்பானைகள், ஓர் ஈய அண்டா, அவ்வளவுதான் கடை. ஆனால் பஸ் டிரைவரும் கோர்ட் டைப்பிஸ்ட்டும் மூட்டை தூக்குகிறவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே தட்டில் இருந்து மோர் மிளகாய் எடுத்துக் கடிக்கிற இடம் நம்ம ஊரில் வேறு எது என்று யோசித்துப் பார்க்கிறேன், சட்டென்று ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

சொல்ல வந்தது இரண்டு விஷயம். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு நடை போய்விட்டு வாருங்கள். அப்புறம், புதுசாக வருகிற பையனை முதல் நாளே “ஆயா கை மாதிரி இல்லையே” என்று ஓட்டிவிடாதீர்கள்.

ஓசூர்ஷிஃப்ட் (வியாழன், இரவு 9:30)

வெயில் ஏறுகிற நேரத்திலா? நைட் ஷிஃப்ட் முடிந்து ஊருக்கு வந்தால் வீட்டுக்குப் போவதற்கு முன்னால் அங்கேதான் இறங்குவேன். மனசு கனக்கிறது.

தொப்பூர்க்கணவாய் (வியாழன், இரவு 9:41)

வெயில் காலம் என்பதால்தான் இப்போது விடுகிறார். யாவாரம் இரண்டு மடங்காகும், அடுப்பும் இரண்டு மடங்கு எரியும், “அதுக்கு எனக்கு ஒடம்பு இல்ல கண்ணு” என்றார்.

நல்லம்பள்ளிசந்தை (வியாழன், இரவு 10:05)

எல்லாரும் கோபித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை. கைமாறின கடை தேறினதை நான் பார்த்ததில்லை. நான் தினமும் சாப்பிட்ட ஒரு மெஸ்ஸும் இப்படித்தான். பெயரை மாற்றவில்லை, போர்டை மட்டும் லைட் போர்டாக ஆக்கினார்கள். முதல் மாதம் எல்லாம் அப்படியே இருந்தது. இரண்டாம் மாதம் ரசம் தண்ணீர் ஆனது. அப்புறம் அப்பளம் பாதியானது. கேட்டால், “அதே மாஸ்டர்தான் சார்” என்றார்கள். மாஸ்டர் அவர்தான், ஆனால் பருப்பு வாங்குகிறவர் வேறு ஆள். ஒரு கடையின் ருசி சரக்கு வாங்குகிற இடத்தில் இருக்கிறது, சமைக்கிற இடத்தில் பாதிதான்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். திங்கட்கிழமை வர மாட்டேன்.

அரூர்அக்கா (வியாழன், இரவு 10:22)

ஒரு சந்தேகம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்தக் கடை ரோட்டோரப் புறம்போக்கிலா, பட்டா நிலத்திலா? 2014-இல் வந்த தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, வியாபாரச் சான்று வாங்கி ரோட்டோரம் கடை போட்டவர் அந்தச் சான்றையோ இடத்தையோ இன்னொருவருக்கு விற்க முடியாது, வாடகைக்கும் விட முடியாது. அவர் இறந்தாலோ நிரந்தரமாக முடியாமல் போனாலோ கணவன், மனைவி அல்லது அவரை நம்பி இருக்கும் பிள்ளைக்குத்தான் போகும். அது தெரியாமல் லட்சக்கணக்கில் பணம் கொடுத்து இடம் வாங்கினவர்கள் வந்து அழுவதை ஆபீசில் பார்த்திருக்கிறேன். அந்தத் தம்பிக்கு அப்படி ஆகிவிடக் கூடாது.

தொப்பூர்க்கணவாய் (வியாழன், இரவு 10:40)

நல்ல கேள்வி அக்கா. பட்டா நிலம்தான். பின்னால் இருக்கிற வீட்டுக்காரருடையது. ஆயா மாத வாடகைதான் கொடுத்து வந்தார். தம்பி வீட்டுக்காரரிடம் தன் பெயரிலேயே புது ஒப்பந்தம் போட்டிருக்கிறார். புளியமரம்தான் புறம்போக்கில் நிற்கிறது, அதை யாரும் விற்கவில்லை.

அரூர்அக்கா (வியாழன், இரவு 10:44)

அப்போது சரி. உணவுப் பாதுகாப்புப் பதிவையும் அவர் தன் பெயரில் புதிதாக எடுக்கச் சொல்லுங்கள். கடையோடு சேர்ந்து அது தானாக வந்துவிடாது. ஆயாவுடைய தாளை அப்படியே சுவரில் விட்டுவிட்டு யாவாரம் செய்தால் ஒரு நாள் வந்து கேட்பார்கள்.

லேப்டீச்சர் (வெள்ளி, காலை 6:15)

நான் ஒரு கல்லூரியில் நுண்ணுயிரியல் எடுக்கிறேன். ருசி மாறுமா மாறாதா என்று பேச்சு போவதால் என் பங்குக்குக் கொஞ்சம்.

ஆயா செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். கேழ்வரகு மாவைக் கரைத்து ஒரு இரவு வைக்கிறார். மறுநாள் மேலே தெளிந்த தண்ணீர் நிற்கும், ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழ் கட்டியிருக்கும். ஒரு விரலால் பானை ஓரத்தை வழித்து நாக்கில் வைப்பார். சரி என்று பட்டால் நொய்யை உலையில் போடுவார். படவில்லை என்றால் இன்னும் ஒரு மணி நேரம் விட்டுவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விடுவார். நொய் வெந்ததும் கரைசலை ஊற்றிக் கிண்டி இறக்கி, இரவெல்லாம் ஆறவிட்டு, காலையில் கட்டியைக் கையால் அள்ளி மோரில் கரைப்பார். ஒன்றிரண்டு கட்டியை வேண்டுமென்றே உடைக்காமல் விடுவார். நொய் பல்லில் படவேண்டுமாம்.

இதில் முக்கியமான இடம் ஒன்று உண்டு. கரைசலைக் காய்ச்சினால் புளிக்கவைக்கிற நுண்ணுயிர் எல்லாம் செத்துப்போகும். அதனால் உலையில் ஊற்றுவதற்கு முன்பே ஒரு சொம்பு எடுத்துத் தனியாக வைத்துவிடுவார். அதுதான் அடுத்த கரைசலுக்கு உறை. லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் அந்தச் சொம்பில்தான் நாள் விட்டு நாள் பிழைத்து வருகின்றன. அவை அமிலத்தைக் கூட்டுவதால்தான் கெட்ட கிருமி அண்டாமல் கூழ் நிற்கிறது, கேழ்வரகில் இருக்கிற சுண்ணாம்புச் சத்தும் இரும்புச் சத்தும் உடம்பில் கூடுதலாக ஒட்டுகிறது. மார்கழியில் பானையைச் சாக்கில் சுற்றி அடுப்பு மேடை ஓரம் வைப்பதும், சித்திரையில் சீக்கிரமே உலை வைப்பதும் அந்தச் சொம்புக்காரர்களைப் பார்த்துத்தான்.

ஆக, பையன் அந்தச் சொம்பை வாங்கிக்கொண்டாரா என்று கேளுங்கள். பானை, பெஞ்சு எல்லாம் அப்புறம்.

லியோன்தர்மபுரி (வெள்ளி, காலை 11:50)

டீச்சர் எழுதியதைப் படித்ததும் என் பங்குக்கும் எழுதத் தோன்றுகிறது. நான் குமாரசாமிப்பேட்டைக்காரன். பிரான்சில் லியோனில் வேலை. நான் இருக்கிற தெருவில் ஒரு நேச்சுரல் ஒயின் பார் இருந்தது. இருந்தது என்ன, இப்போதும் இருக்கிறது, முதலாளிதான் வேறு.

தெரியாதவர்களுக்கு: சாதாரணமாக ஒயின் செய்கிறவர்கள் பலரும் ஈஸ்ட்டைப் பாக்கெட்டில் வாங்கிப் போடுவார்கள். கெடாமல் இருக்க சல்ஃபைட் சேர்ப்பார்கள். நேச்சுரல் ஒயின்காரர்கள் பழத்தோடும் தொட்டியோடும் தானாக வருகிற ஈஸ்ட்டையே நம்புவார்கள். சல்ஃபைட் சேர்க்க மாட்டார்கள், சேர்த்தாலும் துளியூண்டு. லியோனுக்கு வடக்கே போஜோலே என்ற மலைச்சரிவுப் பகுதி. அங்கே மார்செல் லாப்பியேர் என்ற விவசாயியும், அவருக்கு வழிகாட்டிய, வேதியியலும் படித்த ஜூல் ஷோவே என்ற ஒயின் வணிகரும்தான் இந்தப் பழைய முறைக்கு மறுபடி உயிர் கொடுத்தவர்கள். 2020-இல் பிரான்சில் இதற்கு ஒரு முத்திரையே வந்துவிட்டது. கையால் பறித்த பழம், இயற்கை ஈஸ்ட், சல்ஃபைட் சேர்த்தால் லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது போன்ற நிபந்தனைகள் அதில் உண்டு. ஒரே தோட்டத்து ஒயின் என்றாலும் இந்த வருஷப் பாட்டில் போல அடுத்த வருஷப் பாட்டில் இருக்காது. ஆயா கூழும் அப்படித்தானே. மழை நாளில் ஒரு மாதிரி, வெயிலில் ஒரு மாதிரி.

அந்த பார் கைமாறினபோது நாங்களும் இதே புலம்பல்தான். அங்கே கடையை விற்கும்போது கடைப் பெயர், வாடகை உரிமை, சாமான் மட்டும் இல்லை, வாடிக்கையாளர்களும் விற்பனையில் ஒரு சரக்காகவே கணக்கு. என்னையும் சேர்த்துத்தான் விற்றிருக்கிறார்கள் என்று சொல்லிச் சிரித்தோம். பாட்டில் சரக்குக்குத் தனிக் கணக்கு. அதனால் பழைய முதலாளி கடைசி வாரத்தில் நிலவறையில் ஒதுக்கி வைத்திருந்ததை எல்லாம் மேலே கொண்டுவந்து வந்தவர்களுக்கு ஊற்றினார். புது முதலாளி இருபது மணி நேரப் பயிற்சி முடித்துச் சான்றோடு வந்தார், பார் நடத்த அங்கே அது கட்டாயம்.

பணம் கொடுத்து வாங்க முடியாததும் ஒன்று இருந்தது. சின்னத் தோட்டக்காரர்கள் வருஷத்துக்குக் கொஞ்சம் பெட்டிதான் செய்வார்கள், அதைத் தெரிந்த முகத்துக்குத்தான் கொடுப்பார்கள். முதல் ஆறு மாதம் புது ஆளுக்குப் பாதிப் பேர் சரக்கே தரவில்லை. நல்லம்பள்ளி அண்ணன் சொல்கிற பருப்புக் கதைதான்.

ஆனாலும் நான் திரும்பப் போனேன். ஊற்றிக் கொடுக்கிற பெண் அங்கேயே இருந்தாள். முதலாளி மாறினாலும் வேலைக்காரர்களின் ஒப்பந்தம் அப்படியே தொடர வேண்டும் என்பது அங்கே சட்டம். எந்தப் பாட்டிலை எப்போது திறக்க வேண்டும், யாருக்கு எது பிடிக்காது என்பதெல்லாம் அவள் தலையில்தான் இருந்தது. அவள்தான் புது முதலாளியைத் தோட்டம் தோட்டமாகக் கூட்டிக்கொண்டு போனாள்.

அதனால் கேட்கிறேன், ஆயா கடையில் கூடமாட வேலை செய்கிற அக்கா என்ன ஆகிறார்?

கிருஷ்ணகிரிமாங்கா (வெள்ளி, மதியம் 12:20)

ஔவைக்கே கள் ஊற்றிக் கொடுத்த அதியமான் ஊரில் இப்போது ஒயின் பார் கதையை லியோனில் இருந்து கேட்க வேண்டியிருக்கிறது. நமக்கு 1987-இல் கள்ளும் போச்சு. மிச்சம் டாஸ்மாக்தான்.

காரிமங்கலம்2 (வெள்ளி, மதியம் 12:26)

கள்ளைத் திறந்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். அரசாங்கம் மட்டும்

மட்டுறுத்துநர் (வெள்ளி, மதியம் 12:48)

கள், டாஸ்மாக் தொடர்பான பதினோரு பதில்களைத் தனி இழைக்கு நகர்த்தியிருக்கிறேன். மேலே உள்ளது பாதியில் நிற்பதற்கு அதுதான் காரணம். இங்கே கூழ் மட்டும்.

அரூர்அக்கா (வெள்ளி, மதியம் 1:05)

லியோன் தம்பி கேட்டதை நாம் யாருமே கேட்கவில்லை பாருங்கள். அண்டா கழுவுகிற அக்கா என்றுதான் எல்லாரும் சொல்கிறோம். ஆயாவுக்கு முட்டி வலி வந்ததில் இருந்து ராத்திரி மாவு கரைப்பது, உலை வைப்பது, கிண்டுவது எல்லாம் அவர்தான். கேழ்வரகுக் களி, கூழ் கிண்டியவர்களுக்குத் தெரியும், அந்தத் துடுப்பைப் பிடித்து ஒரு அண்டாவைக் கிண்டினால் தோள்பட்டை கழன்றுவிடும். ஆயா காலையில் வந்து கரைக்கிறார், ருசி பார்க்கிறார், காசு வாங்குகிறார். கடந்த சில மாதமாக “ஆயா கை” என்று நாம் உருகிக் குடித்தது அந்த அக்கா கை.

ஓசூர்ஷிஃப்ட் (வெள்ளி, மதியம் 1:11)

அட ஆமாம்!

பென்னாகரம்காட்டுக்காரன் (வெள்ளி, இரவு 7:30)

ஒரு சொம்பு கூழின் விலை ஏறப்போகிறது என்று ஊரில் ஒரு பேச்சு ஓடுகிறது, அதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். ஏறட்டும். கேழ்வரகுக்கு ஆதரவு விலை 2023–24-இல் குவிண்டாலுக்கு 3,846 ரூபாய், 2025–26-இல் 4,886 ரூபாய். ஏறினது விவசாயிக்கு நல்லதுதான், ஆனால் கூழ் மட்டும் பழைய விலைக்கு வேண்டும் என்றால் எப்படி? 2023-இல் சிறுதானிய ஆண்டு என்று உலகமே கொண்டாடியபோது நம் மாவட்டத்திலும் நீலகிரியிலும் ரேஷனில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்க ஆரம்பித்தார்கள். அதே வருஷம் பெங்களூரில் கூழை மட்கலயத்தில் ஊற்றி பீட்சா விலைக்கு விற்றதையும் பார்த்தேன். ஆயா அஞ்சு ரூபாய் ஏற்றுவதற்கே ஒரு மாதம் யோசிப்பார்.

ஆயாவுக்குக் கேழ்வரகு கொடுப்பது எங்கள் ஊர்க்காரர் ஒருவர்தான், மானாவாரி. புது ஆள் வந்து பார்த்தாரா என்று கேட்டேன். வந்தாராம். களத்திலேயே ஒரு கை அள்ளி வாயில் போட்டு மென்றாராம். பரவாயில்லை.

பாலக்கோட்டான் (வெள்ளி, இரவு 10:55)

வணக்கம். கடையை வாங்கியது நான்தான். நண்பர் ஒருவர் இந்த இழையை அனுப்பினார். முழுசாகப் படித்தேன், கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.

எனக்குப் பெங்களூரில் ஓட்டல் சமையலறையில் வேலை இருந்தது. ஆயா கடையில் சின்ன வயதில் அப்பாவோடு குடித்திருக்கிறேன். கேட்டவற்றுக்குப் பதில்:

உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கு என் பெயரில் விண்ணப்பித்துவிட்டேன். சொம்பு உறை கையில் இருக்கிறது, இரண்டு வாரமாக வீட்டில் வைத்துத் தினமும் கரைத்துப் பழகிக்கொண்டிருக்கிறேன். முதல் நான்கைந்து நாள் புளிப்பு ஏறவே இல்லை. எங்கள் ஊர் போர் தண்ணீர் காரணமாக இருக்கலாம் என்று ஆயா சொன்னார். கடைத் தண்ணீரைக் கேனில் கொண்டுபோய்க் கரைத்ததும் சரியாக வந்தது.

மண்பானையை விட்டுவிட்டு எவர்சில்வருக்குப் போவதாக இருந்தேன். கழுவுவது சுலபம், அதிகாரிகளும் கேள்வி கேட்க மாட்டார்கள். டீச்சர் என்ன சொல்கிறீர்கள்?

அக்கா விஷயம். அவரை வைத்துக்கொள்ளத்தான் ஆசை. சம்பளம் இன்னும் பேசி முடியவில்லை. ஆயா கொடுத்ததை விட அவர் கூடக் கேட்கிறார்.

நல்லம்பள்ளிசந்தை (வெள்ளி, இரவு 11:02)

அவர் கேட்பதைக் கொடுத்துவிடுங்கள் தம்பி. கடைக்கு எவ்வளவு கொடுத்தீர்களோ எனக்குத் தெரியாது. அந்தப் பணத்தில் உங்களுக்குக் கிடைத்தது தகரமும் பெஞ்சும். அந்த அக்கா எதிர்ச்சாரியில் நாளைக்கே ஒரு அண்டாவை வைத்து உட்கார்ந்தால் கூட்டம் மொத்தமும் ரோட்டைத் தாண்டிவிடும். முதல் ஆளாக நான் தாண்டுவேன்.

லேப்டீச்சர் (சனி, காலை 6:05)

எவர்சில்வரில் மாவு புளிக்கும், உறை சரியாக இருந்தால் பிரச்சினை இல்லை. வித்தியாசம் சூட்டில் இருக்கும். மண்பானையில் வெளியே கசிகிற ஈரம் ஆவியாவதால் உள்ளே குளிர்ச்சி நிற்கும், புளிப்பு நிதானமாக ஏறும். எவர்சில்வர் வெளிச் சூட்டை அப்படியே உள்ளே விடும். சித்திரையில் மதியத்துக்குள் கூழ் கடுத்துவிடும். மாவு புளிக்கவைக்க எவர்சில்வர், கரைத்த கூழை வைத்து விற்கப் பானை என்று பிரித்துக்கொள்ளுங்களேன். பானையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டாம், மண் சோப்பைக் குடித்துவிடும். சுடுதண்ணீர், தேங்காய் நார், அப்புறம் வெயில்.

லியோன்தர்மபுரி (சனி, மதியம் 12:10)

ஜார்ஜியா நாட்டில் இன்றைக்கும் ஒயினை மண்ணுக்குள் புதைத்த பெரிய மண்தாழிகளில்தான் புளிக்கவைக்கிறார்கள். 2013-இல் யுனெஸ்கோ அந்த முறையைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதிகாரி வந்தால் அதைச் சொல்லுங்கள் தம்பி.

அரூர்அக்கா (சனி, மதியம் 12:15)

யுனெஸ்கோவைச் சொன்னால் கூட இரண்டு கேள்வி கேட்பார்கள். பேசாமல் பானையைச் சுத்தமாக வைத்திருக்கச் சொல்லுங்கள்.

ஓசூர்ஷிஃப்ட் (சனி, மாலை 4:40)

ஆயாவுக்கு ஞாயிற்றுக்கிழமை ஏதாவது செய்ய வேண்டாமா? ஆளுக்கு நூறு போட்டால் சால்வை, ஷீல்டு, ஒரு மாலை.

நல்லம்பள்ளிசந்தை (சனி, மாலை 4:52)

அடுப்படியில் நிற்கிறவருக்குச் சால்வையா? ஷீல்டை எங்கே வைப்பார், அரிசிப் பானைக்குள்ளா? கடன் நோட்டில் யார் யார் பெயர் இருக்கிறதோ அவர்கள் முதலில் அதை அடையுங்கள். அந்த நோட்டு கடையோடு போகவில்லை, ஆயாவிடம்தான் இருக்கிறது. பையனிடம் போய்க் கொடுத்துக் குழப்பாதீர்கள். என் கணக்கை இன்றைக்கு முடித்துவிட்டேன், நாற்பது ரூபாய் குறைத்துச் சொன்னார், நான் ஒத்துக்கொள்ளவில்லை.

பென்னாகரம்காட்டுக்காரன் (சனி, மாலை 5:20)

சால்வைக்கு வைத்திருக்கிற காசை முட்டி டாக்டருக்கு என்று கவரில் போட்டு மகன் கையில் கொடுங்கள். ஆயா கையில் கொடுத்தால் வாங்க மாட்டார்.

தொப்பூர்க்கணவாய் (சனி, இரவு 8:30)

அப்படியே செய்வோம். கவர் என்னிடம் இருக்கிறது, கடைக்குப் பக்கத்து சைக்கிள் கடையில் நிற்பேன். நாளைக்கு ஆறு மணிக்குக் கடை திறக்கும். வழக்கமான அளவுக்கு இரண்டு மடங்கு கரைத்திருக்கிறார்களாம், இருந்தாலும் பத்து மணிக்கு மேல் வந்துவிட்டு என்னைத் திட்டாதீர்கள். பார்சலுக்குத் தூக்குப் போணி கொண்டுவாருங்கள், ஆயா பிளாஸ்டிக் கவரில் ஊற்றித் தர மாட்டார்.

பாலக்கோட்டான் (சனி, இரவு 9:48)

அக்காவிடம் பேசி முடித்துவிட்டேன். அவர் கேட்டதே சரி. கூடவே ஒரு நிபந்தனை போட்டார்: மாவு கரைக்கிற இடத்தில் நான் முதல் மூன்று மாதம் வாய் திறக்கக் கூடாது. ஒத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை கடை உண்டு. வாரத்துக்கு ஒரு நாள் ஆயா வந்து ருசி பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். விலை இந்த மாதம் ஏறாது.

நல்லம்பள்ளிசந்தை (சனி, இரவு 9:55)

சரி, திங்கட்கிழமையும் ஒரு தடவை வந்து பார்க்கிறேன். ஒரு தடவைதான்.

ஓசூர்ஷிஃப்ட் (சனி, இரவு 10:03)

நாளைக்குக் கருவாடு உண்டா, இல்லை மாங்காயும் கொத்தவரங்காய் வத்தலும் மட்டும்தானா?

தொப்பூர்க்கணவாய் (சனி, இரவு 10:07)

ஞாயிறு அல்லவா, கருவாடு உண்டு. நெத்திலி. சீக்கிரம் வந்தால் கிடைக்கும்.